முதலில் இரவு, அப்புறம்தான் ரோடு: சேலத்திலிருந்து டென்ட்டோடு ஒரு கடலோரப் பயணம்

கன்னங்குறிச்சியில் எங்கள் மொட்டை மாடியில் நின்றால் சேர்வராயன் மலை எதிரே நிற்கும். ஏற்காட்டுக்குப் போக எங்களுக்குத் திட்டம் எதுவும் வேண்டியதில்லை. காலையில் தோன்றினால் மதியம் இருபதாவது கொண்டை ஊசி வளைவைத் தாண்டியிருப்போம். கடல் அப்படியில்லை. ஆத்தூர் வழியாகக் கடலூருக்குப் போவதுதான் பக்கம், அதுவே ஏறக்குறைய 200 கிலோமீட்டர். அதனாலோ என்னவோ எங்கள் வீட்டில் எல்லோருக்கும் கடல் மேல் தீராத ஆசை. ஆறு வருஷமாக ஒவ்வொரு தை மாதமும் நான், என் வீட்டுக்காரர், மகள், மாமியார் நால்வரும் எங்கள் பழைய ஆம்னி வேனில் டென்ட்டைப் போட்டுக்கொண்டு கடலோரமாகப் போய்வருகிறோம். எனக்குத் தையல் கடை. பள்ளி யூனிஃபார்ம் சீசன் முடிந்து, பொங்கல் ப்ளவுஸ்களும் போனபிறகு கிடைக்கும் ஒரு வாரம் அது.

முதல் வருஷம் எல்லோரும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். எந்தெந்த ஊர், எத்தனை கிலோமீட்டர், எங்கே சாப்பாடு என்று எழுதினோம். எங்கே படுப்பது என்று மட்டும் எழுதவில்லை. கடற்கரைதானே, இடமா கிடைக்காது என்று நினைத்துவிட்டோம். இருட்டிய பிறகு போய்ச் சேர்ந்தோம். எது மணல், எது சேறு, எது அடுத்தவர் தோப்பு என்று ஒன்றும் தெரியவில்லை. அன்று ராத்திரி பெட்ரோல் பங்க் ஓரமாக வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து தூங்கினோம். மாமியாருக்குக் கால் வீங்கிப்போனது.

அப்போதிலிருந்து நோட்டில் முதலில் இரவுகளைத்தான் எழுதுகிறேன். ஒவ்வொரு இரவுக்கும் ஒரு பக்கம். படுக்கும் இடம், அதற்கு யாரைக் கேட்க வேண்டும், நல்ல தண்ணீர், கழிவறை, இடம் அமையாவிட்டால் பக்கத்தில் எந்த ஊரில் ரூம். இந்த ஐந்தும் நிரம்பிய பிறகே ஒரு பக்கத்தையும் அடுத்த பக்கத்தையும் ரோட்டால் இணைக்கிறேன். தையில் ஆறேகாலுக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். நாலு மணிக்கு இடத்தில் இருக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அதனால் முதல் நாளையும் கடைசி இரண்டு நாட்களையும் தவிர ஒரு நாளைக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் போட மாட்டோம்.

இன்னொன்று, எல்லா இரவும் டென்ட்டில் படுக்கத் திட்டமிடாதீர்கள். ஒன்று விட்டு ஒரு ராத்திரி ரூம் போடுங்கள். உப்புக்காற்றில் ஒரு ராத்திரி கிடந்தால் உடம்பெல்லாம் பிசுபிசுவென்று இருக்கும். நல்ல தண்ணீரில் குளித்து, துணி அலசி, போன்களைச் சார்ஜ் போட்டுக்கொண்டால்தான் அடுத்த டென்ட் ராத்திரியை ரசிக்க முடியும். மாமியார் முகம் சுளிக்காமல் ஆறு வருஷமாக எங்களோடு வருவதற்கு இதுதான் காரணம்.

காலம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பொங்கல் கூட்டம் கலைந்த பிறகு மாசி கடைசி வரை நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி முன்பாதி வேண்டவே வேண்டாம். 2004 சுனாமி வந்தது டிசம்பர் 26. தனுஷ்கோடியை அழித்த புயல் 1964 டிசம்பரில். வேதாரண்யத்தைச் சூறையாடிய கஜா 2018 நவம்பரில். சுனாமிக்கு மாதக் கணக்கு கிடையாது, ஆனால் புயலுக்கு உண்டு. நாகை, காரைக்கால், பாம்பன் துறைமுகங்களில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். சித்திரை, வைகாசியில் வெயில் கொளுத்தும். அதோடு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை இருப்பதால் மீனும் குறைவாகத்தான் கிடைக்கும். தேதி குறிக்கும்போது காலண்டரில் தை அமாவாசையையும் மாசி மகத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் பூம்புகார், வேதாரண்யம், ராமேஸ்வரம் எல்லாம் ஜனத்தால் நிறைந்திருக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடலும் மற்ற நாட்களைவிட மேலே ஏறும்.

அப்புறம் திசை. கிழக்குக் கடற்கரையில் வடக்கிலிருந்து தெற்கே போங்கள். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம், கடலும் இடப்பக்கமே வரும். ஒரு மண் ரோட்டைப் பார்த்ததும் எதிர் வண்டிகளுக்குக் காத்திருக்காமல் அப்படியே திரும்பிவிடலாம். அதற்கு அவசியம் நிறைய வரும். ஏனென்றால் கிழக்குக் கடற்கரைச் சாலை என்ற பெயரைக் கேட்டு வழி நெடுகக் கடல் தெரியும் என்று நினைத்துவிடக் கூடாது. சிதம்பரத்துக்குத் தெற்கே பெரும்பாலும் வயலும் இறால் குட்டையும் தென்னையும்தான் கண்ணில் படும். கடல் சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும். கிளை ரோட்டில் இறங்கினால்தான் தரிசனம். ஒரு நாளைக்கு மூன்று இறக்கம் என்று நாங்கள் கணக்கு வைத்திருக்கிறோம்.

எங்கள் வழியைச் சொல்கிறேன், உங்கள் வசதிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். காலை ஐந்து மணிக்குக் கிளம்பி வாழப்பாடி, ஆத்தூர் தாண்டி, தலைவாசல் மார்க்கெட்டில் வெங்காயம், தக்காளி, பச்சை மிளகாய், எலுமிச்சை வாங்கிக்கொள்வோம். கள்ளக்குறிச்சி, உளுந்தூர்பேட்டை, விருத்தாசலம், சேத்தியாத்தோப்பு வழியாகச் சிதம்பரம். முதல் இரவு அங்கே ரூம். நீண்ட ஓட்டம் முடிந்த அன்றே டென்ட் அடிக்கும் தெம்பு யாருக்கும் இருக்காது. மறுநாள் காலை வெயில் ஏறுவதற்குள் பிச்சாவரத்தில் படகு ஏறிவிட வேண்டும். சுரபுன்னைக் காட்டுக்குள் வேர்கள் தண்ணீரில் கால் ஊன்றி நிற்பதைப் பார்த்து என் மாமியார், "ஆலமரம் கடல்ல முளைச்ச மாதிரி இருக்குது" என்றார்.

பிறகு கொள்ளிடம் தாண்டி, சீர்காழி, பூம்புகார், தரங்கம்பாடி. தூரம் குறைவு, நின்று பார்க்க நிறைய. நம் மேட்டூரில் தேங்கிக் கிடக்கும் காவிரி பூம்புகாரில் எவ்வளவு மெலிந்து கடலில் சேர்கிறது என்று சேலத்துக்காரர்கள் ஒருமுறையாவது பார்க்க வேண்டும். தரங்கம்பாடியில் 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டை இருக்கிறது. அதற்குச் சற்றுத் தள்ளியிருக்கும் மாசிலாமணிநாதர் கோயிலைக் கட்டாயம் பாருங்கள். பாண்டியர் காலத்துக் கற்கோயில், அதன் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. டென்ட் அடிக்கும் முன் அந்தக் கோயிலைப் பார்த்துவிட்டுப் போனால் கடலுக்கு எவ்வளவு இடம் விட வேண்டும் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்காது.

இரண்டாம் இரவு அந்தப் பக்கத்தில் ஒரு தோப்பில் டென்ட். மூன்றாம் நாள் காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, வேதாரண்யம். அங்கே ரூம்தான். கோடியக்கரை வனவிலங்கு சரணாலயம், உள்ளே நம் இஷ்டத்துக்கு டென்ட் அடிக்க முடியாது. மாலையில் அனுமதி நேரத்துக்குள் போய் வெளிமான்களையும், உப்பளத் தண்ணீரில் நிற்கும் பூநாரைகளையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவோம். வேதாரண்யத்துக்கும் நம் ஊருக்கும் ஒரு உறவு உண்டு. 1930-இல் திருச்சியிலிருந்து அங்கே உப்பு அள்ள நடந்துபோன படைக்குத் தலைமை தாங்கிய ராஜாஜி, அதற்கு முன் சேலத்தில் வக்கீலாக இருந்து, 1917-இல் நம் நகராட்சித் தலைவரானவர். உப்பளத்தின் வரப்பில் நின்று மகளுக்கு இதைச் சொன்னபோது அவள் குனிந்து ஒரு கல் உப்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

நாலாம் நாள் திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் வழியாக மனோரா. முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் கரையெல்லாம் சேறும் அலையாத்திக் காடும். அங்கே மணற்கரையைத் தேடி அலையாதீர்கள். மல்லிப்பட்டினம் பக்கத்தில் இரண்டாம் சரபோஜி மன்னர் கட்டிய மனோரா, அறுகோண வடிவில் அடுக்கடுக்காக ஏறும் கோபுரம். நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதன் நினைவாக எழுப்பியது. அந்தக் கடலுக்கு அலையே கிடையாது என்று சொல்லலாம், ஏரி மாதிரி கிடக்கும். தண்ணீருக்கடியில் கடற்புல் இருப்பதால் கடற்பசு மேய வரும். மீனவர்கள் ஆவுளியா என்கிறார்கள். 2022-இல் தமிழக அரசு அந்தக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. நாங்கள் இதுவரை ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. ஒவ்வொரு வருஷமும் மகள் காலை ஆறு மணிக்குக் கரையில் காத்திருக்கிறாள்.

ஐந்தாம் நாள் மணமேல்குடி, மீமிசல், தொண்டி, தேவிபட்டினம், ராமநாதபுரம் என்று போய்ப் பாம்பன் பாலம் ஏற வேண்டும். தனுஷ்கோடிக்கு மதியம் இரண்டு மணிக்குள் போய்விடுங்கள். மாலைக்கு மேல் அங்கே இருக்க விட மாட்டார்கள், இரவு தங்கவும் கூடாது. ஒரு பக்கம் அமைதியான கடலைப் பெண் கடல் என்றும், மறுபக்கம் புரளும் கடலை ஆண் கடல் என்றும் அந்த ஊர்க்காரர்கள் சொல்வதை அரிச்சல்முனையில் நின்றால் கண்ணாலேயே பார்க்கலாம். இரவு ராமேஸ்வரத்தில் ரூம். மறுநாள் மதுரை, திண்டுக்கல், கரூர், நாமக்கல் வழியாக வீடு. ஏறக்குறைய 400 கிலோமீட்டர், ஒரு முழுநாள் போய்விடும்.

இனி டென்ட். ஏற்காட்டில் தெரிந்தவரின் காப்பித் தோட்டத்தில் ஒரு ராத்திரி ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் முதல் தடவை கிளம்பினோம். அது நல்ல யோசனைதான். ஆனால் மலையில் கற்றுக்கொண்டதில் பாதி கடற்கரையில் செல்லாது. சேர்வராயன் செம்மண்ணில் முளையை அடித்தால் பிடுங்க இரண்டு பேர் வேண்டும். மணலில் அதே முளை சுண்டுவிரலோடு வரும். நான் பழைய சாக்குத் துணியில் ஒரு அடிக்கு ஒரு அடி அளவில் ஆறு பைகள் தைத்து, வாயில் கனமான நாடா வைத்திருக்கிறேன். பையில் மணலை நிரப்பி, கயிற்றைக் கட்டி, ஒன்றரை அடி ஆழத்தில் புதைத்து, மேலே மணலைப் போட்டு மிதித்துத் தண்ணீர் தெளித்துவிட்டால் அசையாது. கிளம்பும்போது பையைக் கவிழ்த்தால் மணல் அங்கேயே போய்விடும், சாக்கு நம்மோடு வரும். வளைகம்பி வைத்துத் தானே நிற்கும் டோம் டென்ட்டாக வாங்குங்கள். முளையை மட்டுமே நம்பி நிற்கும் டென்ட் மணலுக்கு ஆகாது.

தையில் காற்று வடகிழக்கிலிருந்து வரும். டென்ட்டின் குறுகலான பக்கத்தை அந்தத் திசைக்குக் காட்டி, வாசலை எதிர்ப்பக்கம் வையுங்கள். மேலே போடும் மழைத் துணியின் ஜன்னல்களை மூடாதீர்கள். மூடினால் நாலு பேர் மூச்சும் உள்ளேயே ஈரமாகி விடியும்போது சொட்டும். கீழே விரிக்கும் தார்ப்பாய் டென்ட்டைவிட நாலு விரல் சின்னதாக இருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பனியை வாங்கி அடியில் கொண்டுவந்து சேர்க்கும்.

ஜிப்பைப் பற்றி ஒரு தையல்காரியாகச் சொல்கிறேன். கடைகளில் டென்ட்டைக் காட்டும்போது எல்லோரும் துணியைத் தடவிப் பார்க்கிறார்கள். நீங்கள் ஜிப்பைப் பாருங்கள். உலோகப் பல் வைத்தது உப்பில் பிடித்துக்கொள்ளும், நைலான் சுருளால் ஆன (coil) ஜிப்தான் வேண்டும். மணல் புகுந்து இறுகினால் பலம் கொண்டு இழுக்காதீர்கள். பழைய டூத் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, நல்ல தண்ணீரில் நனைத்து, காய்ந்ததும் மெழுகுவத்தியால் மேலும் கீழும் தேயுங்கள். இழுத்து மூடும் ரன்னர் தளர்ந்திருந்தால் குறடு வைத்து இரண்டு ஓரத்தையும் லேசாக அழுத்தினால் மறுபடி பிடிக்கும்.

இடம் பார்ப்பதில் ஒரு அக்கா எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது இன்றுவரை உதவுகிறது. மணலில் டென்ட்டைப் பிரிக்கும்போது வலை பின்னிக்கொண்டிருந்த அவர் எழுந்து வந்தார். "என்னம்மா, ராத்திரி இங்கேயா படுக்கப் போறீங்க? தண்ணி ஏறுற எடம்மா இது. அந்தக் குப்பைக் கோடு தெரியுதுல்ல, அதுக்கு மேல போங்க." பாசி, சிப்பி, சுள்ளி எல்லாம் ஒரு வரிசையாக ஒதுங்கிக் கிடக்கும் கோடு அது. அதுதான் கடைசியாகக் கடல் ஏறிய அடையாளம். நாகை, பாம்பன் பக்கம் கடல் ஏறி இறங்குவது சாதாரணமாக ஒரு மீட்டருக்குள்தான், ஆனால் சரிவில்லாத கரையில் அந்த ஒரு மீட்டர் வெகுதூரம் உள்ளே வரும். நாங்கள் அந்தக் கோட்டைத் தாண்டி, மணல்மேட்டையும் தாண்டித் தோப்பு ஓரத்தில்தான் படுக்கிறோம். தென்னைக்கு நேர் கீழே மட்டும் வேண்டாம். காய் விழும், பதினைந்து அடி மட்டை விழும். சவுக்குத் தோப்பில் கீழே கிடக்கும் சருகு ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும், அங்கே அடுப்பே கூடாது.

அனுமதி இல்லாமல் எங்கேயும் டென்ட் அடிக்காதீர்கள். தோப்பு என்றால் தோப்புக்காரர், மீனவர் ஊர் என்றால் ஊர்ப் பஞ்சாயத்தார். நாலு மணிக்குப் போனால் யாராவது இருப்பார்கள். "சேலத்திலிருந்து வருகிறோம், ஒரு ராத்திரி மட்டும், குப்பை போட மாட்டோம்" என்று மாமியாரை முன்னால் நிறுத்திச் சொன்னால் பெரும்பாலும் சரி என்பார்கள். கையில் ஒரு பொட்டலம் தட்டுவடையோ, ஏற்காட்டு மிளகோ கொடுப்போம். வேண்டாம் என்றால் மறுபேச்சு பேசாமல் நோட்டில் எழுதிய ரூமுக்குப் போய்விடுவோம். வேதாரண்யத்துக்குத் தெற்கே இலங்கை பக்கம் என்பதால் இரவில் கரையோர ரோந்து உண்டு. எல்லோருடைய ஆதாரும் கையில் இருக்கட்டும், முன்கூட்டியே பக்கத்துக் காவல் நிலையத்தில் சொல்லிவிடுங்கள். தமிழகக் காவல்துறையின் கடலோரப் பாதுகாப்புக் குழும எண் 1093. இதை மகள் டென்ட்டுக்குள்ளேயே எழுதி ஒட்டியிருக்கிறாள்.

தை முதல் பங்குனி வரை ஆமைகள் முட்டையிடக் கரையேறும் காலம். வெளிச்சம் பட்டால் தாய் ஆமை திரும்பிவிடும், குஞ்சுகள் திசை மாறிவிடும். ராத்திரி கடலைப் பார்த்து டார்ச் அடிப்பதை விட்டுவிடுங்கள். பெரிய விளக்கு வேண்டவே வேண்டாம். இருட்டுக்குக் கண் பழகிவிட்டால் நட்சத்திர வெளிச்சத்திலேயே அலையின் நுரை தெரியும்.

வண்டியை மணலில் இறக்காதீர்கள். இறுகிய மண் முடியும் இடத்தில் நிறுத்திவிட்டுச் சாமானைத் தலையில் சுமப்பது மேல். இரண்டாம் வருஷம் பூம்புகாருக்குத் தெற்கே ஒரு இடத்தில் இருபது அடிதானே என்று இறக்கி, பின் சக்கரம் அச்சு வரை புதைந்தது. ஆக்சிலேட்டரை அழுத்த அழுத்த ஆழமாகப் போனது. வலை இழுத்துக்கொண்டிருந்த ஆறு பேர் வேலையை விட்டுவிட்டு வந்தார்கள். பின் டயர்களில் காற்றை 28-லிருந்து 18-க்கு இறக்கச் சொன்னார்கள். சக்கரத்துக்கு முன்னால் மணலைச் சரிவாக வெட்டி, ஈரச் சாக்கை விரித்து, ஆட்களை எல்லாம் இறக்கிவிட்டு மெதுவாக எடுக்கச் சொன்னார்கள். வந்துவிட்டது. காசு வாங்கவே இல்லை. கால்மிதியால் இயக்கும் காற்றுப் பம்ப் ஒன்று அன்றிலிருந்து வண்டியிலேயே இருக்கிறது. காற்றை இறக்கினால் ரோடு ஏறியதும் ஏற்றியாக வேண்டும்.

தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து லிட்டர், குடிக்கவும் சமைக்கவும் மட்டும். கரையோரக் கிணறுகள் பல உப்பு கரிக்கும். பாத்திரத்தைக் கடல் தண்ணீரில் மணல் போட்டுத் தேய்த்து, கடைசியில் ஒரு குவளை நல்ல தண்ணீரில் அலசினால் போதும். கழிவறைதான் பெண்களோடு போகும் பயணத்தில் முதல் கேள்வி. தோப்புக்காரர் வீட்டில் கேட்டால் மறுப்பதில்லை. அது இல்லாத இடத்துக்கு நான்கு மூங்கில் குச்சியும், இருண்ட நிறத்தில் நான் தைத்த ஆறடி உயரத் தடுப்பும், ஒரு சின்ன மண்வெட்டியும் கொண்டுபோகிறோம். தண்ணீர் இருக்கும் இடத்திலிருந்து வெகுதூரம் தள்ளி, முழங்கை ஆழத்துக்குக் குழி.

முதல் நாளுக்குப் புளிச்சோறும் தட்டுவடையும். அப்புறம் ஜவ்வரிசிக் கஞ்சி, ராகிக் களி, காலையில் படகு வந்து சேரும் இடத்தில் வாங்கும் மீன். குழம்புப் பொடியை வீட்டிலிருந்தே எடுத்துப்போனால் போதும். ஒற்றை அடுப்புச் சின்ன சிலிண்டர், அதைச் சுற்றிக் காற்றுத் தடுப்புக்கு எண்ணெய் டின்னை வெட்டிய தகரம்.

கடலில் முழங்காலுக்கு மேல் யாரும் இறங்குவதில்லை. நாங்கள் மேட்டூர்க் கால்வாயில் நீச்சல் பழகியவர்கள்தான், ஆனால் கடல் பக்கவாட்டிலும் உள்நோக்கியும் இழுக்கும். இருபுறமும் அலை உடைந்து, நடுவில் ஒரு பட்டை மட்டும் அலையில்லாமல் அமைதியாகத் தெரிந்தால், அங்கேதான் தண்ணீர் உள்ளே ஓடுகிறது. தப்பித் தவறி அதில் மாட்டினால் கரையை நோக்கி நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வர வேண்டும். மகளுக்கு இதை ஒவ்வொரு வருஷமும் கரையில் நின்று காட்டிவிட்டுத்தான் காலை நனைக்க விடுகிறேன்.

வீடு திரும்பிய மறுநாள் வேலை பாக்கியிருக்கிறது. ஆம்னியை அடிப்பாகம் வரை நல்ல தண்ணீரில் கழுவக் கொடுத்துவிடுங்கள். டென்ட்டை மொட்டை மாடியில் விரித்து, சோப்பு போடாமல் இரண்டு முறை தண்ணீர் ஊற்றி அலசி, கம்பிகளைக் கழற்றித் துடைத்து, ஜிப்புகளுக்கு மெழுகு தேய்த்து, நிழலில் இரண்டு நாள் முழுக்கக் காயவிடுங்கள். தையல் மடிப்புகளைக் கையால் தொட்டுப் பாருங்கள், துணி காய்ந்தாலும் அங்கே ஈரம் நிற்கும். அதுவும் காய்ந்த பிறகு இறுக்கமாகச் சுருட்டாமல் தளர மடித்துப் பருத்திப் பையில் போட்டு வையுங்கள்.